தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

பினாங்கிலிருந்து தைப்பிங் போக வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? நெடுஞ்சாலையில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டி, இறங்கிவிடுவோம். இடையில் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் செம்பனை, டோல், மறுபடியும் செம்பனை என்றுதான் சொல்ல வரும். அந்த இடைப்பட்ட நிலத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பட்டர்வொர்த்தில் தொடங்கி, கிரியான் வயல்வெளியைக் கடந்து, கோலா செப்பத்தாங் அலையாத்திக் காடு வரைக்கும் சைக்கிளில் ஒரு பயணம். நிதானமாகப் போனால் இரண்டு நாள். ஒரே நாளில் மிதித்து முடிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் பார்த்துவிட்டு வருவது முன்னால் போகிறவருடைய பின் டயரைத்தான். இந்தப் பேச்சு அவர்களுக்கு இல்லை.

தீவில் இருப்பவர்களுக்குச் சைக்கிளோடு வெளியேற ஒரே வழி ஃபெரி. 1985-இல் திறந்த பாலத்திலும் சரி, 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்திலும் சரி, சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கார் ஏறிய அந்தப் பழைய ஃபெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023-இல் வந்த புதியவை ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் மட்டும் ஏற்றுகின்றன. விடிவதற்கு முன்னால் கிளம்பி முதல் ஃபெரிகளில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். ஏனென்றால் அக்கரையில் பிறை தொழிற்பேட்டையைத் தாண்ட வேண்டும். தொழிற்சாலை பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் கிளம்பிவிட்டால் அங்கே சைக்கிள் ஓட்டுவதில் ஒரு சுகமும் இல்லை. அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான். பெரிய சாலையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வது. ஆறோ, வாய்க்காலோ, வடிகாலோ, எது பக்கத்தில் ஓடுகிறதோ அதன் கரையில் ஒரு பாதை இருக்கும். பெடல் மிதிக்கிறவனுக்கு இதில் இரண்டு லாபம். தண்ணீர் மேட்டில் ஏறாது, ஆகவே நீங்களும் ஏற வேண்டியதில்லை. லாரிகளும் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

சுங்கை பாக்காப்பைத் தாண்டி நிபோங் தெபாலை நெருங்கும்போது தோட்டங்கள் தொடங்குகின்றன. நமக்கு இது வெறும் இயற்கைக் காட்சி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்பு. நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது முதலில் இந்தக் கரும்புக் காட்டுக்குத்தான். அப்புறம் ரப்பர் வந்தது, அப்புறம் செம்பனை. கலிடோனியா, விக்டோரியா, பைராம், டிரான்ஸ்கிரியான் என்ற தோட்டப் பெயர்களை இந்த வட்டாரத்துத் தாத்தா பாட்டிகளிடம் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரத்துக்குக் கதை கிடைக்கும். கலிடோனியாவில்தான் அந்தத் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை இருக்கிறது. தோட்ட முதலாளி ராம்ஸ்டன் 1948-இல் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான். பேய்க் கதை தேடி வருகிற கூட்டத்துக்கு மாளிகைதான் கண்ணில் படுகிறது. எனக்கென்னவோ, அதைச் சுற்றியுள்ள வடிகால்களைப் பார்ப்பதுதான் பெரிதாகப் படுகிறது. சேறும் சதுப்புமாய்க் கிடந்த கடலோரம் பயிர் விளையும் நிலமானது மண்வெட்டி பிடித்த கைகளால். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எந்தக் கதவிலும் இல்லை.

தோட்டத்துச் சாலையில் ஒரு சின்னக் கடையில் தண்ணீர் வாங்க நின்றேன். கடைக்கார அம்மா என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் தம்பி, கார் ரிப்பேரா?" என்றார். "இல்லம்மா, சும்மா சுத்திப் பாக்க வந்தேன்." "இந்த வெயில்லயா? பசியாறியாச்சா?" வெயிலுக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இடியாப்பமும் தேங்காய்ப் பூவும் தட்டில் வந்தன. காரில் போகிறவனுக்கு இந்த விசாரிப்பு கிடைக்காது. வேர்வையோடு வந்து நிற்கிறவனைப் பார்த்தால்தான் நம் ஊர் அம்மாக்களுக்கு மனசு இளகும்.

தோட்டத்து நாய்கள் விஷயம் வேறு. அவற்றுக்குச் சைக்கிள் என்றால் ஆகாது. வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் சலித்துப்போய்த் திரும்பிவிடும்.

நிபோங் தெபாலை ஒட்டி ஓடுகிறது கிரியான் ஆறு. பினாங்கு, கெடா, பேராக் மூன்று மாநிலங்களும் இந்த வட்டாரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அக்கரையில் பாரிட் புந்தார். முதல் நாள் இரவு இங்கே தங்கலாம். ஆற்றில் படகேறி மின்மினிப் பூச்சி பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நிலவில்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிட் புந்தாரிலிருந்து பாகான் செராய் வரைக்கும் உள்ள வயல்வெளிக்காகவே இந்தப் பயணத்தைச் செய்யலாம். மலாயாவின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் இதுதான். 1906-இல் கட்டி முடித்தார்கள். புக்கிட் மேராவில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, வாய்க்கால் வெட்டிக் கடலோர வயல்கள் வரைக்கும் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அந்த ஏரித் தண்ணீர்தான் இங்கே பாய்கிறது. பாசன வாய்க்காலின் கரை வயலைவிடச் சற்று உயரம். அதன் மேல் செம்மண் பாதை. சைக்கிளில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அடிவானம் வரைக்கும் தெரியும். மதகுக்கு மதகு நிறுத்துங்கள். துருப்பிடித்த சக்கரம் ஒன்று இருக்கும், கையால் சுற்றிப் பலகையை ஏற்றி இறக்குவது. பலகைக்குக் கீழே தண்ணீர் நுரைத்து விழும் இடத்தில் யாராவது ஒருவர் தூண்டிலோடு குந்தியிருப்பார். இந்தப் பக்கத்துப் பஞ்சார் மலாய்க்காரர்களுக்கு விரால் மீன் என்றால் உயிர். பேச்சுக் கொடுத்தால் வாளியைத் திறந்து காட்டுவார்கள். உடும்பு குறுக்கே ஓடும், பிரேக்கில் விரல் இருக்கட்டும். நாற்று நட்ட புதிதில் வயலில் தண்ணீர் நிற்கும்போது கொக்கு கூட்டம் கூட்டமாக இறங்கும். அறுவடை சமயத்தில் போனால் இயந்திரம் ஏறி இறங்கிய சேறு பாதை முழுக்க அப்பியிருக்கும். செயினில் நெற்சருகு சிக்கும், பழைய துணி ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருப்பவர்கள் புக்கிட் மேரா ஏரிக்கும் ஒரு நடை போய் வரலாம். ரயில் பாதை அந்த ஏரிக்குக் குறுக்கேதான் போகிறது.

பாகான் செராய்க்குப் பிறகு செமாங்கோல் வரைக்கும் கொஞ்சம் பெரிய சாலை. சிம்பாங்கில் வலது பக்கம் திரும்பி மாத்தாங் வழியாகப் போனால் காற்றில் உப்பு வாசம் வரும். சாலைக்கு இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. மாத்தாங் காட்டின் பரப்பு சுமார் 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டம் போட்டு நடத்தி வருகிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி நட்டு, முப்பது ஆண்டு விட்டுத்தான் அடுத்த வெட்டு. நடுவில் பதினைந்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் நெருக்கமாக உள்ள மரங்களைக் களைந்து கழிகளாக விற்பார்கள். தாத்தா நட்டதைப் பேரன் வெட்டுகிற ஏற்பாடு. காடு என்றால் கைவைக்கவே கூடாது என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

வெட்டிய பாக்காவ் என்ற அலையாத்தி மரக் கட்டைகள் போகும் இடம் கரிச் சூளை. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய, கவிழ்த்த கும்பா போன்ற பெரிய சூளைகள் அத்தாப்பு ஓலைக் கூரைக்கு அடியில் வரிசையாக நிற்கும். பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நெருக்கமாக, செங்குத்தாக அடுக்குவார்கள். நெருப்பு வாசலில்தான். கட்டையில் தீப்பிடிக்கக் கூடாது, சூடு மட்டும் உள்ளே போய் ஈரத்தை விரட்ட வேண்டும். நாள் ஆக ஆக வாசலைச் சிறிதாக்கி, கடைசியில் முழுக்க மூடிவிட்டு ஆறவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் போலப் பிடிக்கும். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் புகையின் வாசத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் நின்றால் கண் எரியும், ஆனால் நகர மனம் வராது. கரியில் பெரும்பங்கு ஜப்பானுக்குப் போகிறது. புகையைக் குளிரவைத்து வடித்த தண்ணீரைப் போத்தலில் விற்கிறார்கள், கொசு அண்டாதாம்.

கோலா செப்பத்தாங்குக்குப் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் ஓடியது தைப்பிங்குக்கும் இந்தத் துறைக்கும் நடுவில். தண்டவாளம் போய்விட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. சைக்கிளை அதில் சாய்த்துப் படம் எடுக்காதவர் இல்லை. படகுக்காரர்கள் கழுகு பார்க்கக் கூப்பிடுவார்கள். கோழித் தோலை வீசி வரவழைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தலைக்கு மேல் கருடன் வட்டமிடும்போது நம்மவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதை அங்கேயும் பார்த்திருக்கிறேன். இது சீனர்களின் மீன்பிடிக் கிராமம், சாப்பாடு இறாலும் நண்டும்தான். சைவக்காரர்கள் பாகான் செராயிலேயே கட்டிக்கொண்டு வருவது நல்லது.

எப்போது போகலாம்? இந்தப் பக்கம் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைவு. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை சாயங்கால மழை நிச்சயம், தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த மாதமானாலும் காலை பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் மிதிக்காதீர்கள். டயர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், செம்மண் பாதைக்கு ஒல்லி டயர் ஒத்துவராது. மாற்று டியூப் ஒன்று, பம்பு ஒன்று, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர்.

திரும்பி வர தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொம்யூட்டர் ரயில் இருக்கிறது. மடக்கு சைக்கிளாக இருந்தால் வேலை சுலபம். பெரிய சைக்கிள் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சன்னலோரம் இடம் கிடைத்தால் புக்கிட் மேரா ஏரியைக் கடக்கும்போது தூங்கிவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.