படத்தின் முதுகு

(வெள்ளவத்தையில் பல்கலைக்கழக மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். இந்த மழையிலும் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று, நனைந்து, வந்து சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவர் என்றார். அந்த முப்பது வருடத்திலும் நான் ஆகக்கூடுதலாகக் கேட்ட வசனம் ஒன்று இருக்கிறது: "சேர், கட்டுரை முடிஞ்சுது. ஒரு படம் மட்டும் வேணும்."

ஒப்படைத் தாளில் "காட்சி சார்ந்த முதலாம்நிலை மூலாதாரம் ஒன்றையாவது பயன்படுத்துக" என்று போட்டிருக்கும். பிள்ளை பதினைந்து பக்கம் எழுதி முடித்துவிட்டு, கலியாண வீட்டு வாசலில் வாழை கட்டுகிற மாதிரி, கட்டுரையின் வாசலில் கட்டுவதற்கு ஒரு படம் தேடும். கூகுளில் முதல் வரிசையில் வருவதை எடுத்து ஒட்டும். கீழே "படம் 1" என்று எழுதும். அந்தப் படத்தை எடுத்துவிட்டாலும் கட்டுரையில் ஒரு வரிகூட மாறாது. அப்படியானால் அந்தப் படம் அங்கே எதற்கு?

எது முதலாம்நிலை (அந்தக் காலத்திலேயே உண்டான சான்று), எது இரண்டாம்நிலை (பிறகு அதைப் பற்றி எழுதியது) என்ற வரைவிலக்கணத்தை உங்களுக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருப்பார்கள். ஒரு உதாரணத்தோடு அதைக் கடந்துவிடுகிறேன். உங்கள் பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர் இருந்திருப்பார். முடிந்த கொண்டை, நீண்ட தாடி, கையில் ஓலையும் எழுத்தாணியும். அந்த உருவத்தை வரைந்தவர் கே. ஆர். வேணுகோபால் சர்மா. தமிழ்நாட்டுச் சட்டசபையில் அது திறந்துவைக்கப்பட்டது 1964இல். வள்ளுவர் வாழ்ந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் அந்தப் படம் வாய் திறக்காது. ஆனால் 1960களில் தமிழர்கள் வள்ளுவரை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நெற்றியில் திருநீறும் இல்லை, நாமமும் இல்லை, மார்பில் பூணூலும் இல்லை. ஏன் இல்லை? அந்தக் கேள்விக்கு அது முதல்தரமான மூலாதாரம். ஒரே படம்தான், கேள்விதான் மாறியிருக்கிறது.

ஒல்லாந்துக்காரரான பால்தேயஸ் பாதிரியாரின் நூலும் இப்படித்தான். 1672இல் அம்ஸ்ரடாமில் அச்சான அந்த நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்கள் இருக்கின்றன. பாதிரியார் யாழ்ப்பாணத்தில் இருந்தவர், கண்ணால் கண்டவர். அச்சடிப்பதற்காகப் படத்தைச் செப்புத்தகட்டில் கீறினவர்கள் வேறு ஆட்கள். அதிலே நிற்கிற பனைமரத்தைப் பார்த்து "அந்தக் காலப் பனை" என்று எழுதுவதற்கு முன்னால் அதை ஒருதரம் யோசியுங்கள்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். நானும் அந்த "ஒரு படம் மட்டும் வேணும்" கூட்டத்தில் இருந்தவன்தான்.

மாணவனாக இருந்தபோது மலையகத் தொழிலாளர் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மருதானைப் பழைய புத்தகக் கடை ஒன்றில், தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்ணின் பழைய தபாலட்டை ஒன்று அகப்பட்டது. அழகான அட்டை. தலையில் கயிறு மாட்டிய கூடை முதுகில் தொங்க, அந்தப் பெண் நேரே எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் அதை ஒட்டி, கீழே பெருமையாக எழுதினேன்: "தோட்டத் தொழிலாளியின் அன்றாட வாழ்க்கை." கட்டுரை திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்றே மூன்று சொல் இருந்தது: "கூடையில் கொழுந்து எங்கே?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கூடை வெறுமையாக இருந்தது. அதைக் கண்ட பிறகு மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் பட்டது. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு இல்லை. உடுத்திருந்த துணியில் கொழுந்துக் கறை ஒரு பொட்டுக்கூட இல்லை. காலில் சேறு இல்லை. மூக்கிலும் காதிலும் கையிலும் நகை. நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது, அதாவது உச்சி வெயில் நேரம். நிறைக்குக் கொழுந்து கொடுக்க ஓடுகிற நேரத்தில் யாரோ அவளை மறித்து நிற்பாட்டியிருக்கிறார்கள், அல்லது அன்றைக்கு அவள் வேலைக்கே போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அட்டையைத் திருப்பினேன். வாங்கி ஆறு மாதமாகியும் அதுவரை நான் அதன் முதுகைப் பார்க்கவே இல்லை. முதுகு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது: இடது பக்கம் செய்தி, வலது பக்கம் முகவரி. பிரித்தானியாவில் அப்படிப் பிரித்த அட்டைகளுக்கு அனுமதி வந்தது 1902இல். மற்ற நாடுகளில் அதற்குப் பிறகு. அதற்கு முந்திய அட்டைகளில் முதுகு முழுக்க முகவரிக்குத்தான், செய்தி எழுதவேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி எழுதவேண்டும். ஆக என்னுடைய அட்டை, நான் கட்டுரையில் எழுதியிருந்ததுபோல "1880களின்" அட்டையாக இருக்கவே முடியாது. செய்தி மங்கிய மையில் ஆங்கிலத்தில் இருந்தது. வெயில் தாங்கமுடியவில்லையாம், நாளைக்குக் கப்பலாம். படத்தில் இருந்த பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கொழும்பில் ஸ்கீன் நிறுவனம் 1860களிலிருந்தும், பிளாத்தே நிறுவனம் 1890இலிருந்தும் படம் எடுத்து விற்றன. வாங்கினவர்களில் துறைமுகத்தில் ஓரிரு நாள் இறங்கி ஏறுகிற பயணிகளும் உண்டு. அந்தச் சந்தைக்கு வந்த பண்டங்களில் ஒன்று என்னுடைய அட்டை. தோட்டத்து வாழ்க்கைக்கு அது பலவீனமான சான்று. தோட்டத்துப் பெண்ணை யார் எப்படி விற்றார்கள் என்பதற்கு அசைக்கமுடியாத சான்று. கட்டுரையைத் திரும்ப எழுதினேன். இரண்டாவது தரம் அந்த அட்டையை எடுத்தால் கட்டுரையே விழுந்துவிடும்.

அதனால் நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: முதுகு உள்ள படமாகப் பார்த்து எடுங்கள். முதுகு என்றால் காகிதத்தின் பின்பக்கம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். யார் எடுத்தது, எந்த ஆண்டு, எந்தக் கருவியால், யாருடைய காசில், யார் பார்ப்பதற்கு, இப்போது எந்தப் பெட்டியில் எந்த இலக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதிலே அடங்கும். கண்ணைப் பறிக்கிற படம் ஒன்று முதுகில்லாமலும், சாதாரணப் படம் ஒன்று முதுகோடும் கிடைத்தால், சாதாரணப் படத்தையே எடுங்கள். ஆசையாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

கருவி என்றேன். அதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆகக்கூடுதலான பிழை அங்கேதான் நடக்கிறது.

ஒரு மாணவர், நல்ல கெட்டிக்காரன், கோட்டையின் பழைய வீதிப் படம் ஒன்றை வைத்து "அக்காலத்தில் கொழும்பில் சனநடமாட்டம் குறைவு" என்று எழுதியிருந்தார். வீதி வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அது ஈரக் கொலோடியன் தகட்டில், அதாவது இரசாயனம் பூசி ஈரம் காயுமுன் பயன்படுத்துகிற கண்ணாடித் தகட்டில், எடுத்த படம். வில்லை சில விநாடிகளாவது திறந்திருக்கவேண்டும். அந்த நேரத்துக்குள் நடந்து போகிறவன் தகட்டில் பதியமாட்டான். நன்றாக உற்றுப் பார்த்தபோது வீதி நடுவே புகை மாதிரி ஒரு கீற்று, அதற்குக் கீழே அரைச் சில்லு. அது ஒரு மாட்டுவண்டி. சுவரோரம் குந்தியிருந்த ஒருவர் மட்டும் முழுசாக விழுந்திருந்தார், அவர் அசையாததால். சனம் நிறைந்த வீதியைக் கருவிதான் காலியாக்கியிருந்தது.

இன்னொன்று என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் அப்பம்மாவின் கலியாணப் படம், 1920களில் எடுத்தது. பிஸ்கட் பேணிக்குள் கிடந்தது. தூணும் மாடிப்படியும் தீட்டிய ஸ்டூடியோத் திரை. கைப்பிடி செதுக்கிய ஒரு நாற்காலியில் அப்பப்பா. பக்கத்தில் நிற்கிற அப்பம்மாவின் நெற்றியில் கறுப்புப் பொட்டு, உடம்பில் கறுப்புச் சேலை. வகுப்பில் காட்டினேன். ஒரு தங்கச்சி எழும்பி, "அந்த நாளில கறுப்புச் சேலையிலயா சேர் கலியாணம் செய்தவை?" என்று கேட்டார். சிரிக்கவேண்டாம், அது நியாயமான கேள்வி. அந்தக் காலத்துத் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்புத் தெரியாது. நீலத்தை வெள்ளையாகக் காட்டும், சிவப்பைக் கறுப்பாகக் காட்டும். குங்குமமும் கறுப்பு, கலியாணக் கூறைச் சேலையும் கறுப்பு. வானம் ஏன் எப்போதும் வெளிறிக் கிடக்கிறது என்பதற்கும் அதுதான் காரணம். இது தெரியாமல் பழைய படத்தில் ஆளின் தோல் நிறத்தைப் பற்றியோ உடுப்பின் நிறத்தைப் பற்றியோ தயவுசெய்து எதுவும் எழுதாதீர்கள்.

அந்த நாற்காலியும் ஒரு கதை. அதைக் கண்டு "வசதியான குடும்பம்" என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு வேறு இரண்டு குடும்பத்துப் படங்களில் அதே நாற்காலி, அதே கைப்பிடி, அதே இடத்தில் வெடிப்பு. ஸ்டூடியோக்காரரின் நாற்காலி. ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தால் இது தெரிய வராது. அதனால் ஒரு படத்தைத் தெரிவுசெய்வதற்கு முன்னால் அதன் கூடப்பிறந்தவற்றை, அதே ஆள் எடுத்த, அதே இடத்தில் எடுத்த இன்னும் சிலவற்றைப் பாருங்கள்.

இங்கே ஒரு பெயரைச் சொல்லவேண்டும். ஜூலியா மார்கரெட் கெமரன். டார்வினையும், கவிஞர் டெனிசனையும், வானியலாளர் ஹெர்ஷலையும் படம்பிடித்த ஆங்கிலப் பெண். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்துப் படங்களில் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு. இங்கே எடுத்தவற்றில் "களுத்துறைக் குடியானவர் குழு" என்ற மாதிரித்தான் தலைப்பு. அதே கண், அதே கருவி, அதே மென்மையான வெளிச்சம், பெயர் மட்டும் இல்லை. இதை வைத்து ஒருவர் கட்டுரை எழுதலாம். எழுதுகிறவருக்கு ஒரு துணைச் சான்றும் இருக்கிறது: ஓவியர் மரியான் நோர்த் களுத்துறையில் கெமரன் வீட்டுக்குப் போய்த் தங்கி, தன்னை அவர் படம்பிடித்த விதத்தைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். படத்துக்குப் பக்கத்தில் நிறுத்த இப்படி ஒரு எழுத்துக் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

பெயர் பின்னாலே வந்த கதையும் உண்டு. 1936இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்கிற தொழிலாளர் முகாமில், டொரோதியா லாங் ஒரு தாயைப் படம்பிடித்தார். உலகமறிந்த படம். அன்றைக்கு எடுத்தது ஒன்றல்ல, பல. தூரத்திலிருந்து கூடாரத்தோடு தொடங்கி, கிட்டக் கிட்டப் போயிருக்கிறார். அச்சேறியது முகம் நிறைந்த ஒன்று. அதிலும் கீழ் மூலையில் தெரிந்த ஒரு பெருவிரலைப் பிறகு மறைத்துவிட்டார்கள். அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று வெளியே தெரிய வந்தது 1978இல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் நொந்தார். என் அட்டையில் நின்ற பெண்ணுக்கு அதைச் சொல்லக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இதே ஊரில் இருந்துகொண்டு 1983 ஜூலையைப் பேசாமல் போகமுடியாது. தமிழருக்கு எதிரான வன்முறை 24ஆம் தேதி இரவு பொரளையில் தொடங்கிய அந்த நாட்களைப் பற்றி எழுதுகிற பிள்ளைகள் இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும் கண்ட ஒரு படம் இருக்கிறது. அதை நான் இன்றைக்குத் திரையில் போடப்போவதில்லை. அதிலே இருப்பவர் தன் வாழ்க்கையின் ஆகக் கொடிய நேரத்தில் இருக்கிறார், அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. எழுதவேண்டிய தேவை இருந்தால் எழுதுங்கள், படத்தைச் சொற்களால் விவரியுங்கள். அட்டைப்படமாக மட்டும் ஆக்காதீர்கள். இன்னொன்று, "கறுப்பு ஜூலை" என்ற பெயரில் இணையத்தில் சுற்றுகிற படங்களில் முதுகே இல்லாதவை இருக்கின்றன. அப்படி ஒன்றை நம்பி ஒட்டினால், நடந்தது நடக்கவில்லை என்று சொல்கிறவனுக்கு நீங்களே வழி திறந்து கொடுக்கிறீர்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. பென்சிலோடு போங்கள், பொறுமையோடும் போங்கள். நூலகம் இணையத்தளம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கிறது; அதிலே கட்டுரைகளை மட்டும் வாசிக்காமல் பழைய இதழ்களின் விளம்பரச் சித்திரங்களைப் பாருங்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரியின் பழைய தாள்களில் சவர்க்கார விளம்பரத்துப் பெண் எப்படிச் சேலை கட்டினாள் என்று பத்துப் பத்து வருடமாக ஒப்பிட்டால் ஒரு நல்ல கட்டுரை வரும். யாரும் தொடாத வயல்.

தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனத்தில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து நட்ட கல், 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். எல்லாரும் அதை எழுத்தாகவே வாசிக்கிறார்கள். நான் உங்களை வாசிக்கவேண்டாம் என்கிறேன், பாருங்கள். உச்சியில் டிராகன். வலப்பக்கம் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை. அதற்குக் கீழே பாரசீகம். யாருக்கு எவ்வளவு இடம், யார் மேலே, யார் கீழே என்று அளந்து பார்த்தால் கல்லும் படம்தான்.

நேரம் முடிகிறது என்று தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். முன்னால் இருக்கிற தம்பி கைதூக்கியபடி இருக்கிறார்; அவருடைய கேள்வியை நான் ஊகித்துவிட்டேன், செயற்கை நுண்ணறிவால் நிறம் தீட்டிய படத்தைப் பயன்படுத்தலாமா என்பதுதானே?

என்னுடைய பேரன் அப்பம்மாவின் கலியாணப் படத்தை ஒரு செயலியில் போட்டு நிறம் தீட்டி, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு என் பிறந்தநாளுக்குத் தந்தான். அப்பப்பாவின் கன்னத்தில் ரோசா நிறம். நாற்காலி தேக்கு நிறம். கூறை கடுநீலம்! செயலிக்குக் கறுப்பைப் பார்த்தால் நீலம் என்று தோன்றியிருக்கிறது. தெஹிவளையில் மாமி வீட்டு அலுமாரியில் அந்தக் கூறை இன்னும் இருக்கிறது. பூச்சி உருண்டை மணக்க மணக்க அவர் விரித்துக் காட்டினார். ஓரமெல்லாம் வெளிறிப்போய், மடிப்புக்குள்ளே மட்டும் அரக்குச் சிவப்பு.

படம் இப்போது என் வீட்டு விறாந்தையில்தான் தொங்குகிறது, பேரன் ஆசையாகத் தந்ததை எப்படிக் கழற்றுவது? மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பி, முதுகில் பென்சிலால் எழுதிவைத்தேன்: "நிறம் செயலி தீட்டியது. கூறை சிவப்பு. மாமியிடம் இருக்கிறது."