லைப்போ பற்றரி ஏன் ஊதிப்போகிறது?

வணக்கம் நேயர்களே. ரிமோட் விமானம் பறக்கவிடும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கொண்டுவருவது ஊதிப்போன பற்றரியைத்தான். "அண்ணா, இது மலிவுச் சாமானோ?" என்று கேட்பார்கள். நல்ல சாமானும் திருகோணமலையில் சீக்கிரம் ஊதிவிடுகிறது. பற்றரி கெடுவது வானத்தில் அல்ல, பெரும்பாலும் வீட்டு அலுமாரியில்.

லைப்போ என்கிற லித்தியம் பொலிமர் பற்றரி, செல் எனும் சிறு பற்றரிகள் சேர்ந்தது. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ற். சனி இரவே நிறைய ஏற்றிவிடுவோம். ஞாயிறு கச்சான் காற்று பலமாக அடிக்கும், பறப்பு நின்றுபோகும். ஏற்றிய பற்றரி அடுத்த கிழமை வரை அப்படியே கிடக்கும். நிறைந்த பற்றரி சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. அந்த வாயுதான் வீக்கம்.

ஆகவே இரண்டு மூன்று நாளுக்குள் பறக்கப் போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ற் அளவில் வையுங்கள். ஓரளவு நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்ற தெரிவு உண்டு. நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பற்றரியை வெயிலில் விட்டுவிட வேண்டாம். சீனக்குடா விமானத்தளம் அருகில் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று முதலே விசாரித்துக்கொள்வதும் முக்கியம்.

சரி, ஏற்றுவது எப்படி? உறையில் 2200 mAh (மில்லி அம்பியர் மணி) என்று இருந்தால் 2.2 அம்பியரில் ஏற்றுங்கள், ஒரு மணித்தியாலம் அளவில் நிறையும். இதைவிட வேகமாக ஏற்றலாம் என்று சில உறைகளில் இருக்கும். அவசரமில்லாதவருக்கு அது தேவையில்லை. பறந்து இறங்கிய பற்றரி ஆறிய பிறகே ஏற்ற வேண்டும்.

ஏற்றும்போது, பற்றரியில் இருந்து வரும் சின்ன வெள்ளைப் பிளக்கை ஒருபோதும் சார்ஜரில் மாட்டாமல் விடாதீர்கள். மூன்று செல் பற்றரி நிறைந்தால் மொத்தம் 12.6 வோல்ற். ஒரு செல் 4.3, மற்ற இரண்டும் 4.1 என்றால் கூட்டுத்தொகை 12.5. மொத்தத்தை மட்டும் பார்க்கும் சார்ஜர் இன்னும் இடமிருக்கிறது என்று ஏற்றிக்கொண்டே போகும். அளவு மீறிய அந்த ஒரு செல்தான் தீப்பிடிக்கக்கூடும். அந்தப் பிளக் மூலமே சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்துச் சமப்படுத்துகிறது. எப்படியும் கண் பார்வையில், சீமெந்துத் தரையில் வைத்தே ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். நம் ஊரில் மணலுக்குப் பஞ்சமா?

பறக்கும்போது முழுதாக வற்றவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். செல் 3 வோல்றுக்குக் கீழே போனால் பழைய வலு திரும்பாது.

ஊதிய பற்றரியை மீண்டும் ஏற்றவோ, குத்தவோ வேண்டாம். உப்புத் தண்ணீரில் போட்டால் சரியாகும் என்று நம்பி கடல்நீரில் போடுகிறார்கள். உப்பு நீர் வெளி இணைப்புத் தகடுகளை அரித்துவிடும், மின் உள்ளேயே தங்கிவிடும். மூன்று செல் பற்றரி என்றால் வெளியே மணல் மேல் வைத்து, 12 வோல்ற் கார் பல்பு ஒன்றை மாட்டி, அது அணைந்த பிறகும் நெடுநேரம் அப்படியே விடுங்கள். வோல்ற் மீற்றர் பூச்சியம் காட்டிய பின், பழைய மின்சாதனம் சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.