நாலு கோடு இருக்கு, நெட் மட்டும் இல்லை

வணக்கம் நேயர்களே. ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற ஒருவனை வானொலிக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால், அவன் போனைப் பற்றித்தான் பேசுவான். அதிலும் நான் இன்றைக்கு ஒரே ஒரு கோளாறைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கோளாறு என்று சொல்வதே தப்பு, போன் நன்றாகத்தான் இருக்கும்.

போன மாசம் டிக்கோயா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தார். குவைத்தில் வேலை செய்யும் மகள், ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பிய புது போன். லொக் இல்லாதது, எந்த சிம்மும் போடலாம். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"தம்பி, நாலு கோடு காட்டுது. பேசினா கேக்குது. வட்ஸ்அப் மட்டும் வரமாட்டேங்குது."

எனக்கு முன்னால் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "போர்ட் போயிருக்கு, 4,500 ரூபாய் ஆகும்" என்றார்களாம். பெயர் வேண்டாம், விடுங்கள்.

நான் முதலில் பார்த்தது அந்த நாலு கோட்டை அல்ல, அதற்குப் பக்கத்தை. நெட் ஓடுகிற போனில் கோட்டுக்குப் பக்கத்தில் 4ஜி என்றோ எல்டிஈ என்றோ ஓர் எழுத்து நிற்கும். இந்தப் போனில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. டேட்டா பொத்தானை அழுத்திப் பார்த்தேன், ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. சரி, சிம்மை மாற்றிப் பார்க்கலாம் என்றால் தட்டைத் திறக்கும் ஊசி கடையில் எங்கேயோ விழுந்துவிட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் சேலையில் குத்தியிருந்த சின்ன ஊக்கைக் கழற்றி நீட்டினார். கொழுந்தெடுக்கிறவர்களிடம் ஊக்குக்கா பஞ்சம்!

அவர் சிம்மை என் போனில் போட்டேன், நெட் ஓடியது. அப்படியென்றால் சிம் நல்லது, பெக்கேஜும் இருக்கிறது. என் சிம்மை அவர் போனில் போட்டேன், இரண்டும் ஒரே கம்பனி, ஆனாலும் ஓடவில்லை. இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம் நேயர்களே. பக்கத்துக் காம்பராவில் ஒரு போன் இருந்தால் போதும், கடைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். கோடு என்பது டவருக்கும் போனுக்கும் உள்ள சம்பந்தம். நெட் என்றால் அந்த டவர் வழியாகக் கம்பனியின் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து கேட் வரைக்கும் வந்துவிட்டீர்கள், எந்த டிவிஷன் என்று சொல்லத் தெரியவில்லை என்றால் காவல்காரர் எந்தப் பக்கம் அனுப்புவார்? அந்த வாசலின் பெயரைத்தான் ஏபிஎன் என்கிறார்கள்.

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் நாட்டுக்கு ஓர் இலக்கம், கம்பனிக்கு ஓர் இலக்கம் இருக்கும். இலங்கைக்கு 413. அதற்குப் பின்னால் 01 வந்தால் மொபிடெல், 02 வந்தால் டயலொக், 08 வந்தால் ஹட்ச். போன் அதைப் படித்து, தனக்குள் இருக்கும் பட்டியலில் தேடி, வாசலைத் தானாகவே போட்டுக்கொள்ளும். இங்கே விற்பதற்கென்று வரும் போனில் இது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. வேறு நாட்டுக்கென்று செய்த போனில் நம்முடைய கம்பனி சில நேரம் பட்டியலில் இருக்காது, அல்லது பழைய பெயரோடு இருக்கும்.

சிம் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்து, தமிழுக்கான எண்ணை அழுத்தி, "ஏபிஎன் என்ன?" என்று கேளுங்கள். மெசேஜில் அனுப்புகிறோம் என்பார்கள். புது போன்கள் பல அந்த மெசேஜை ஏற்பதில்லை, அதனால் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்பதையும் சொல்லிவிடுங்கள், சில இடங்களில் இரண்டுக்கும் வாசல் வேறு. அப்புறம் செட்டிங்ஸில் மொபைல் நெட்வேர்க், அதற்குள் அக்சஸ் பொயின்ட் நேம்ஸ், அங்கே கூட்டல் அடையாளம். ஏபிஎன் என்ற கட்டத்தில் எழுதியதை அப்படியே, இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

இனிமேல்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். தட்டி முடித்ததும் பின்னால் வந்துவிடுகிறார்கள். மேலே மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டு சேவ் கொடுக்காவிட்டால் தட்டியதெல்லாம் போய்விடும். சேவ் ஆனதும் பட்டியலில் அதன் பக்கத்து வட்டத்தையும் தொட வேண்டும். ஒருமுறை அணைத்துப் போட்டால் நல்லது. ஐபோனாக இருந்தால் இன்னொன்று பாருங்கள்: முன்பு வேறு நாட்டில் பாவித்தது என்றால் அந்த நாட்டுக் கம்பனியின் செட்டிங்ஸ், அதாவது ப்ரொஃபைல், உள்ளே உட்கார்ந்துகொண்டு நம் வாசலை மறைக்கும். அதை அழிக்காமல் ஒன்றும் நடக்காது.

இத்தனைக்கும் பிறகு வரவில்லையா? போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். லயத்து வீடுகளின் தகரக் கூரை அலையைத் திருப்பி அடிக்கும், டவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு மலை நின்றால் அதோடு சரி. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

போன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. நட்சத்திரம், ஹேஷ், சைபர், ஆறு, ஹேஷ் அழுத்தினால் 15 இலக்கம் ஒன்று வரும். அதுதான் ஐஎம்ஈஐ, அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். காசைக் கொடுத்த பிறகு கேட்டு என்ன பயன்?

அந்த அம்மாவின் போனில் ஏபிஎன் போட்டதும் 4ஜி வந்து நின்றது. வட்ஸ்அப் மெசேஜ்கள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. கொடுக்கும்போதுதான் கவனித்தேன், மணி இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அங்கேயே நேரத்தை வைத்து அனுப்பியிருக்கிறாள். மாற்றப் போனேன்.

"அது அப்படியே இருக்கட்டும் தம்பி," என்றார். "அவளுக்கு இப்ப என்ன நேரம்னு பாத்துத்தானே எடுக்கணும்."