எந்தச் சிவப்புக்கு எந்தச் சொட்டு?

நேயர்களுக்கு வணக்கம். கண் சிவந்தால் உடனே அலமாரியைத் துழாவுகிறவர்கள் நிறையப் பேர். எப்போதோ, யாருக்கோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கும், அதையே விட்டுக்கொள்வார்கள். கண் மருத்துவராக இருக்கும் எனக்கு இதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று தோன்றியது.

மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண்நோய் பெரும்பாலும் வைரஸால் வருவது. கண்ணீராகக் கொட்டும், மண் விழுந்தாற்போல் உறுத்தும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா தொற்று என்றால் மஞ்சளாக, கெட்டியாகப் பீளை தள்ளும். துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சேரும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கு இது அதிகம். இதிலும் லேசானவை ஒரு வாரம், பத்து நாளில் தாமாகவே அடங்கிவிடுவதுண்டு. குளோராம்பெனிகால், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சொட்டுகள் அதைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவைக்கும்.

சிவப்போடு வலியும் சேர்ந்துகொண்டால் கதையே வேறு. வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வையில் மங்கல், டார்ச் அடித்துப் பார்த்தால் கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவில், ஒரு வெள்ளைப் புள்ளி. இது கருவிழிப் புண். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கும், லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். லென்ஸ் போடுகிறவர்களை அதிகம் தாக்கும் கிருமி சூடோமோனாஸ். கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். இந்தக் கிருமி சுரக்கும் நொதிகள் அதைக் கரைத்துக்கொண்டே போகும். சில நாட்களிலேயே ஓட்டை விழுந்துவிடக்கூடும்.

அதனால்தான் நாங்கள் கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறோம். அப்புறம் முதல் இரண்டு நாள், இரவு பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை சொட்டு. அலாரம் வைத்து எழுப்பி விடச் சொல்வோம். "மாத்திரை கொடுத்தால் ஆகாதா டாக்டர்?" என்று கேட்பார்கள். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது; மாத்திரை மருந்து அங்கே போதிய அளவில் போய்ச் சேராது. சொட்டு நேராகப் போய்ச் சேர்கிறது, ஆனால் கண்ணீர் சில நிமிடங்களில் அதைக் கழுவிவிடுகிறது. இடைவெளி விட்டால் கிருமிக்கு அதுவே போதும். வலி குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. வலி போனாலும் புண் ஆறியிருக்காது.

இப்போது அந்த மிச்ச மருந்துக்கு வருவோம். அதில் பல புட்டிகளில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. விட்டதும் சிவப்பு வடிந்து, குணமானாற்போலவே இருக்கும். உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால், உடம்பின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்கிவிடுவதால் புண் தடையில்லாமல் பரவும். இலையோ குச்சியோ கண்ணில் பட்டு வரும் புண்ணில் பூஞ்சையைச் சந்தேகித்தே ஆக வேண்டும். அதற்கு மருந்தே வேறு.

சரி, மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டை எப்படி விடுவது? கையைக் கழுவிவிட்டு, கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டுக்கு மேல் கண்ணில் நிற்க இடமில்லை. மிச்சம் கன்னத்தில்தான் வழியும். புட்டியின் முனை இமையில் படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள்.

கடைசியாக, பச்சைக் குழந்தைகள். பிறந்த முதல் மாதத்துக்குள் கண் வீங்கிச் சீழ் வந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து, பாலுறவால் பரவும் கிருமிகளான கோனோகாக்கஸோ கிளமிடியாவோ தொற்றியிருக்கலாம். அதற்குச் சொட்டு மட்டும் போதாது. ஊசியாகவோ வாய்வழியாகவோ மருந்து கொடுக்க வேண்டும், பெற்றோருக்கும் சிகிச்சை வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.