முயல், ஆடு, பன்னி எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? காம்பினேஷன் கன் பத்தின சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு போலாம். புக்கிட் மெர்தாஜாம்லருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, கொஞ்சம் நீட்டமா எழுதியிருக்காரு, நான் சுருக்கி படிச்சுடறேன். "அண்ணே, என் மச்சான் நியூசிலாந்துல ஒரு பண்ணையில வேலை பாக்குறாரு. அடுத்த வருஷம் வேட்டைக்கு வாடான்னு கூப்புடுறாரு. அங்க முயல், காட்டாடு, பன்னி, மான், வாத்து எல்லாம் உண்டாம். ரைபிளும் ஷாட்கன்னும் ஒண்ணா சேந்த பழைய ஜெர்மன் துப்பாக்கி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருதாம், அத வாங்கிட்டா எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதுமா? நம்ம ஊர்ல அந்த மாதிரி வச்சுக்கலாமா?"

ரெண்டாவது கேள்வி சின்னது, அத முதல்ல முடிச்சுடறேன். நம்ம ஊர்ல அந்த ஆசைய வுட்டுடுங்க தம்பி. இங்க மலேசியத் தீபகற்பத்துல லைசன்ஸ் உள்ளவங்க கையில இருக்கறது பெரும்பாலும் செனாப்பாங் பாத்தா தான், மடக்குற 12 போர் (போர்னா குழல் அகலத்தோட அளவு) ஷாட்கன், அத வச்சு தோட்டத்துல செம்பனங்கன்ன நோண்டிப் போடுற காட்டுப்பன்னிய சுடுவாங்க, அதுக்கும் போலிஸ்ல ஒரு லைசன்ஸ், பெர்ஹிலித்தான்ல, அதான் வனவிலங்கு இலாகாவுல, ஒரு லைசன்ஸ்னு ரெண்டு பக்கமும் ஓடணும். லைசன்ஸ் இல்லாம ஒரு துப்பாக்கி வீட்ல இருந்துச்சுன்னா 1971 சட்டப்படி 14 வருஷம் வரைக்கும் உள்ள, அதோட கொறைஞ்சது ஆறு ரோத்தான் (பிரம்படி). இது ஒண்ணும் வெளையாட்டு இல்ல. அப்புறம் இன்னொண்ணு யோசிங்க, பல குழல் துப்பாக்கி எதுக்கு? பல ஜாதி மிருகம் சுடுறதுக்கு. இங்க ருசா, கீஜாங் ரெண்டு மானையும் சுட பல வருஷமா தடை, அதுங்கள நம்பித்தான் புலி இருக்கு, மலாயாப் புலி நாடு முழுக்க 150-க்கும் கம்மின்னு கணக்கெடுப்புலயே சொல்லிட்டாங்க. அப்ப உங்களுக்கு மிச்சம் இருக்கறது பன்னி தான், பன்னிக்கு பல குழல் எதுக்கு? ஒரு குழல் போதும்.

இப்ப மெயின் கேள்வி. இந்த காம்பினேஷன் கன்னு சொல்றதுல பல வகை இருக்கு. ரெண்டு குழல் மேலயும் கீழயும், ஒண்ணு ஒத்த குண்டா தூரமா சுடுற ரைபிள், ஒண்ணு ரவைய, அதாவது பொடிப்பொடி குண்டுங்கள, செதற வுடுற ஷாட்கன், அது ஒரு வகை. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா கேப் கன்னு சொல்லுவாங்க, தென்னாப்பிரிக்கா கேப் காலனில வெள்ளக்காரங்க அத ரொம்ப தூக்கிட்டு திரிஞ்சாங்க. மூணு குழல் இருந்தா டிரில்லிங், சாதாரணமா மேல ரெண்டு ஷாட்கன் குழல், நடுவுல கீழ ஒரு ரைபிள் குழல். நாலு குழல் வச்சும் செஞ்சிருக்காங்க, அது கொஞ்சம் ஓவர்னு தான் எனக்கு தோணும். அமெரிக்காவுல சேவேஜ் 24-னு ஒண்ணு, மேல .22 ரைபிள் கீழ .410 ஷாட்கன், 1950-லருந்து பல வருஷம் வந்துச்சு, பண்ணைக்காரன் அணில், முயல் சுடுறதுக்கு. உங்க மச்சான் சொல்றது பழைய ஜெர்மன்னா அநேகமா டிரில்லிங்கா தான் இருக்கும், அப்படியே வச்சுக்கிட்டு பேசுவோம்.

ஜெர்மன்காரன் ஆஸ்திரியாக்காரன் ஏன் இத இவ்ளோ விரும்பினான்னு புரிஞ்சா உங்களுக்கு வேணுமா வேணாமான்னு நீங்களே சொல்லிடுவீங்க. அங்க ஒரு எடத்த குத்தகைக்கு எடுத்தா அந்த எடத்துல உள்ள முயல், ஃபெசன்ட் கோழி, நரி, ரோ மான், காட்டுப்பன்னி எல்லாம் அந்த ஒரே ஆளு பொறுப்பு. சாயங்காலம் நடந்து போறப்ப வரப்புலருந்து கோழி பறக்கலாம், அம்பது அடி தாண்டி ரோ மான் நிக்கலாம், எது வரும்னு எவனுக்கும் தெரியாது. சரி, ஷாட்கன் ஒண்ணே போதுமேன்னு நெனச்சா அங்க சட்டம் வுடாது. ஜெர்மன் வேட்டைச் சட்டத்துல குளம்பு உள்ள பெரிய வேட்டை மிருகத்த ரவைய போட்டு சுடக்கூடாது, மானா இருந்தாலும் பன்னியா இருந்தாலும். ரோ மானுக்கு 100 மீட்டர்ல கொறைஞ்சது 1000 ஜூல் சக்தி உள்ள ரைபிள் தோட்டா வேணும், பன்னி, பெரிய மானுக்கு குண்டு அகலம் 6.5 மில்லிமீட்டருக்கு கீழ போகக்கூடாது, 2000 ஜூல் வேணும். அப்ப கோழிக்கு ரவை, மானுக்கு ரைபிள், ரெண்டும் கையில இருக்கணும், ரெண்டு துப்பாக்கிய தோள்ல மாட்டிக்கிட்டு எவன் நடப்பான்? அதான் ஒண்ணா ஒட்டிட்டான். நல்லா செஞ்ச டிரில்லிங் மூணு மூணரை கிலோ தான் இருக்கும், சில ரெட்டைக்குழல் ஷாட்கன்னே அந்த எடை வரும், சுஹ்ல், ஃபெர்லாக் ஊருக்காரங்க கைவேலை அப்படி.

விமானப்படைக்காரனுக்கு கூட குடுத்திருக்காங்க தெரியுமா? ரெண்டாவது உலகப்போர்ல ஜெர்மன் விமானி கீழ விழுந்தா பொழச்சுக்கறதுக்குன்னு சவர் கம்பெனி எம்30 டிரில்லிங், ரெண்டு 12 போர் குழல், கீழ 9.3 மில்லிமீட்டர் ரைபிள், அலுமினியப் பொட்டில வச்சு குடுத்தாங்க. ரஷ்யாக்காரன் இன்னும் மேல போயிட்டான். 1965-ல லியோனோவும் பெல்யாயெவும் விண்வெளிலருந்து திரும்புறப்ப பெர்ம் பக்கம் பனிக்காட்டுல எறங்கிட்டாங்க, ஓநாய் கரடி உள்ள காடு, அங்க ரெண்டு ராத்திரி கழிக்க வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் 1980-கள்ல விண்வெளி வீரனுக்குன்னே டிபி-82-னு மூணு குழல் கைத்துப்பாக்கி செஞ்சு விண்கலத்துல அனுப்பினாங்க, ரெண்டு வழவழ குழல், ஒரு ரைபிள் குழல், பின்னாடி மாட்டுற கட்டையே வெட்டுக்கத்தி. இது கேள்விக்கு சம்பந்தம் இல்ல, ஆனா எனக்கு இத சொல்லாம இருக்க முடியாது. ஒரு விஷயம் மட்டும் பாருங்க, விண்வெளி வீரனா இருந்தாலும் ஜெர்மன் குத்தகைக்காரனா இருந்தாலும் ஒரே நெலம தான், எது எதிர்ல வரும்னு தெரியாது, கையில ஒண்ணு தான் தூக்க முடியும்.

இப்ப உங்க மச்சான் ஊருக்கு வாங்க. நியூசிலாந்துல மிருகம் நெறைய தான், ஆனா அங்க ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கெளம்புறாங்க. மான் வேட்டைன்னா மலை ஏறி பைனாகுலர்ல பாத்து இருநூறு மீட்டர், அதுக்கு மேலயும் சுடுவாங்க, அதுக்கு ஸ்கோப் வச்ச போல்ட் ரைபிள மிஞ்ச எதுவும் இல்ல. பன்னிய பெரும்பாலும் நாய வுட்டு மடக்கி கத்தியால முடிப்பாங்க, துப்பாக்கிக்கே அங்க வேலை கம்மி. வாத்துன்னா மே மாசம் மொத சனிக்கெழம சீசன் தொறக்கும், மறைவுல குந்திக்கிட்டு நாள் பூரா சுடுவாங்க, பறவைக்கு தனி லைசன்ஸ், அதோட தண்ணி ஓரத்துல வாத்துக்கு ஈய ரவை போடக்கூடாது. இங்க தான் பழைய டிரில்லிங் மாட்டிக்கும், ஏன்னா மெல்லிசு குழல், வாய் பக்கம் சோக்னு சொல்ற இறுக்கமான குறுக்கம், அதுல ஸ்டீல் ரவை போட்டா குழலே புடைச்சுக்கும். பிஸ்மத் ரவை போடலாம், வெலைய கேட்டா வாத்த கடையிலயே வாங்கி சாப்புட்டுடலாம்னு தோணும்.

அப்ப எதுக்கு தான் ஒதவும்? சாயங்காலம் பண்ணைய சுத்தி நடக்கறதுக்கு. முயல், காட்டு முயல், ஓரத்துல காட்டாடு, அந்த மாதிரி நடைக்கு சூப்பர். முயல் கால்ல மாட்டி ஓடுச்சுன்னா வலது குழல், முப்பத்தஞ்சு மீட்டருக்குள்ள ரவை, ஆடு நூறு மீட்டர்ல நின்னுச்சுன்னா பட்டன தள்ளி ரைபிள். நெறைய டிரில்லிங்ல ஷாட்கன் குழலுக்குள்ள சொருகுற .22 குட்டிக்குழலும் கெடைக்கும், அறுபது மீட்டர்ல குந்தியிருக்கற முயலுக்கு அது போதும், ஏன்னா அந்த தூரத்துக்கு ரவை பத்தாது, பெரிய ரைபிள் தோட்டாவ முயல் மேல வுட்டா அப்புறம் கொழம்பு வைக்க ஒண்ணும் இருக்காது.

இதுல ஆளுங்க தடுமாறுற எடம் மூணு நாலு இருக்கு, அத சொல்லியே ஆகணும். மொதல்ல அந்த பட்டன். மூணு குழல், ஆனா விசை ரெண்டு தான். சாதாரணமா முன் விசை வலது ஷாட்கன், பின் விசை இடது ஷாட்கன். மேல கட்டவெரல் பக்கம் உள்ள பட்டன முன்னாடி தள்ளினா முன் விசை ரைபிளுக்கு மாறிடும், மாறினது தெரியணும்னு பின் குறி தானா மேல எழும்பும், அழகான வேலை. ஆனா பதட்டத்துல மறந்துடுவாங்க, பறக்கற கோழிக்கு ரைபிள வுட்டுடுவாங்க, ரைபிள் தோட்டா வானத்த பாத்து போனா எங்க போய் விழும்னு யாருக்கு தெரியும், ரெண்டு மூணு கிலோமீட்டர் தாண்டியும் ஆளக் கொல்லும். அதனால நான் என்ன சொல்லுவேன்னா, சுட்டு முடிச்சதும் பட்டன பழைய எடத்துக்கு தள்ளிட்டு தான் தோட்டா மாத்தணும். அது கைப்பழக்கமா வரணும், காலி துப்பாக்கில வீட்லயே பழகலாம்.

அடுத்தது சூடு. மூணு குழலையும் சேத்து ஈயம் வச்சு பத்த வச்சிருக்காங்க. ரைபிள் குழல்ல படபடன்னு மூணு தோட்டா வுட்டீங்கன்னா அது மட்டும் சூடாகி நீளும், மத்த ரெண்டும் குளுந்து அப்படியே நிக்கும், ஒட்டியிருக்கறதால ஒண்ண ஒண்ணு இழுக்கும், தோட்டா வேற எடத்துல போய் அடிக்கும். இத பாத்துட்டு துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு விக்கிறவங்க இருக்காங்க. கெட்டெல்லாம் போகல. குளுந்த குழல்ல மொத குண்டு எங்க போகுதோ அதான் கணக்கு, குறி வைக்கறப்ப ஒண்ணு சுட்டுட்டு ஆற வுட்டு அடுத்தத சுடணும், ஒரு மத்தியானமே போயிடும் அதுக்கு. புது மாடல் சிலதுல குழல ஒட்டாம தனியா வுட்டிருக்காங்க, அதுக்கு இந்த தொல்லை கம்மி, ஆனா புது ஜெர்மன் டிரில்லிங் வாங்குற காசுக்கு இங்க ஒரு மைவி காரே எடுத்துடலாம்.

ஸ்கோப்பும் ஒரு தகராறு தான். ரைபிளுக்கு ஸ்கோப் வேணும், பறக்கற பறவைக்கு ஸ்கோப் இருந்தா எடஞ்சல். அதான் பழைய காலத்துலயே கழட்டி மாட்டுற கொக்கி மவுண்ட் வச்சாங்க, அந்த மவுண்ட ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியா அரம் போட்டு ஒக்கார வப்பாங்க, அதனால மவுண்ட் இல்லாம வந்துச்சுன்னா வெலைய கொறச்சு கேளுங்க, புதுசா செய்ய துப்பாக்கி வெலைல பாதி கேப்பான்.

இப்ப உங்க மச்சான் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது. இத நல்லா கேட்டுக்குங்க, ஏன்னா இது தான் ஆபத்தான எடம். பழைய ஜெர்மன் துப்பாக்கில நெறைய 16 போர், அதுலயும் தோட்டா ஒக்கார்ற அறையோட நீளம் 65 மில்லிமீட்டர் தான் இருக்கும். இப்ப கடையில கெடைக்கற தோட்டா 70. 70 தோட்டா அந்த அறையில போய் ஒக்காரும், அதான் பிரச்சனையே, ஒக்காந்துடும், ஆனா சுடறப்ப வாய் விரிய எடம் இல்லாம அழுத்தம் ஏறிடும். அதே மாதிரி கீழ் குழல் 8x57 ஆர்னா இன்னும் ஜாக்கிரதை, அதுல ரெண்டு இருக்கு, பழசுக்கு குண்டு .318 அங்குலம், எஸ் போட்ட புதுசுக்கு .323. பேர் ஒரே மாதிரி இருக்கும், பெரிய குண்ட சின்ன குழல்ல தள்ளினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். எல்லாமே குழலுக்கு அடியில முத்திரையா அடிச்சிருக்கும், போர் அளவு, அறை நீளம், சோதனை பண்ணின மாசம் வருஷம் கூட பல துப்பாக்கில இருக்கும். முத்திரை தேஞ்சு போயிருந்தாலோ சந்தேகமா இருந்தாலோ துப்பாக்கி மெக்கானிக் கிட்ட குடுத்து அறையில மெழுகு மாதிரி வார்ப்பு எடுத்து அளக்க சொல்லணும், "அதெல்லாம் நான் சுட்டுக்கிட்டு தானே இருக்கேன்"னு விக்கிறவன் சொல்றத கேக்காதீங்க. குழல கழட்டி கொக்கில தொங்க வுட்டு லேசா தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்டா ஒட்டு நல்லாயிருக்கு, தகரம் மாதிரி சத்தம் வந்தா ஒட்டு வுட்டுருக்கு, வாங்காதீங்க.

லைசன்ஸ் விஷயம், துப்பாக்கி உங்க மச்சான் லைசன்ஸ்ல இருக்கட்டும். அங்க வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு வருஷம் வரைக்கும் விசிட்டர் லைசன்ஸ் உண்டு, முன்கூட்டியே கேக்கணும், இல்லாட்டி மச்சான் பக்கத்துலயே நிக்கணும், அவரு நேரடி கண்காணிப்புல தான் நீங்க தொடலாம். இங்கருந்து தோட்டா, காலி தோட்டா, குட்டிக்குழல் ஞாபகப்பொருள்னு எதையும் பேக்ல போட்டுக்கிட்டு கேஎல்ஐஏ ஏர்போர்ட் பக்கம் வந்துடாதீங்க, காலி தோட்டாவுக்கு கூட மணிக்கணக்கா ஒக்காந்து பதில் சொல்லணும்.

என் முடிவ கேட்டீங்கன்னா, மான் தான் முக்கியம்னா மச்சான ஒரு சாதா போல்ட் ரைபிள் வாங்க சொல்லுங்க, வாத்துக்கு யார்கிட்டயாவது ஷாட்கன் எரவல் கெடைக்கும். சாயங்கால நடை தான் ஆசைன்னா, அறை 70 இருந்து, மவுண்டோட வந்துச்சுன்னா, டிரில்லிங்க எடுக்கலாம். குழல் அடியில உள்ள முத்திரைய தெளிவா போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க தம்பி, அடுத்த வீடியோல பாத்து சொல்றேன். சரி, அடுத்து காப்பார்லருந்து ஒரு அக்கா ஏர் கன் பத்தி கேட்டிருக்காங்க...