பூரி சுட்ட எண்ணெய்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில், கோயில் மண்டபத்தில் நடந்த ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, அறங்காவலர் குழுப் பெரியோர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நம்மை மதித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, நம் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை அம்மா அவர்களே, பீனிக்ஸிலிருந்தும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். அதிகாலை நாலு மணிக்கே அடுப்படிக்கு வந்து நமக்கெல்லாம் பூரியும் வடையும் சுட்டுப் போட்ட தாய்மார்களுக்குத் தனியாக இன்னொரு வணக்கம். மேடையில் அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு நான் பேசப்போவதே அவர்கள் கடாயில் மிஞ்சிய எண்ணெயைப் பற்றித்தான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அந்த எண்ணெயை ஏன் கொட்டக்கூடாது, அதிலிருந்து என்னென்ன பொருள் எடுக்கலாம், அதன் சட்டமும் வியாபாரமும் எப்படி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள் நம் பெரியவர்கள். இதை நான் இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. இதே மண்டபத்தில் நானூறு பேருக்குச் சாப்பாடு. எல்லாம் முடிந்தபோது இரண்டு பெரிய கடாயில் எண்ணெய் கறுத்துப்போய்க் கிடந்தது. பாத்திரம் கழுவும் முறை என்னுடையது. வெந்நீரை விட்டால் ஓடிப்போய்விடும் என்று நினைத்து, பின்பக்கத் தொட்டியில் அத்தனையையும் நான்தான் ஊற்றினேன். ஓடியும் போனது. மறுவாரமும் ஊற்றினேன், அதற்கடுத்த வாரமும் ஊற்றினேன். ஐப்பசியில் இங்கே ஒரு கல்யாணம். வாழையிலை போட்டாயிற்று. சோறு வந்தாயிற்று. சாம்பார் வாளியைத் தூக்கும் நேரத்தில் அடுப்படிச் சாக்கடை பொங்கி, தண்ணீர் பந்திக்குள்ளே வந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குழாய் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்து நீளக் கம்பியை விட்டுக் குடைந்தார். ஒரு மணி நேரம் போராடி, முழங்கை நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கட்டியை இழுத்துப் போட்டார். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். என் அத்தை மட்டும் குனிந்து, அதில் ஒரு துண்டைக் கிள்ளி விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது எண்ணெய் இல்லடா, சவுக்காரம்" என்றார். சவுக்காரம் என்றால் சோப்பு.

கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர் அத்தை. பழைய கொழுப்பைக் காய்ச்சி, காஸ்டிக் சோடா கரைத்த நீரை ஊற்றிக் கிளறி, தட்டில் கொட்டி வெட்டி, அவருடைய அம்மா சவுக்காரம் செய்வதைப் பார்த்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அத்தை சொன்னது முழுக்க உண்மை. சாக்கடைக்குப் போன எண்ணெய் கொழுப்பமிலமாகச் சிதைந்து, தண்ணீரிலும் சிமெண்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சவுக்காரக் கட்டியாகிறது. 2017-இல் லண்டனில் வொயிட்சேப்பல் தெருவுக்கு அடியில் 250 மீட்டர் நீளத்துக்கு இப்படி ஒரு கட்டி கிடந்தது. அதன் எடை 130 டன் என்றார்கள்.

சாக்கடையில் தானாக நடந்ததை நாம் பாத்திரத்தில் நடத்தினால் அது தொழில். எண்ணெய் என்பது ஒரு கிளிசரின் காம்பில் தொங்கும் மூன்று கொழுப்பமிலச் சரங்கள். மெத்தனால் என்ற ஆல்கஹாலும், காஸ்டிக் சோடா போன்ற காரம் கொஞ்சமும் சேர்த்து 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கலக்கினால் சரங்கள் காம்பை விட்டுக் கழன்றுவிடும். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 100 கிலோ பயோடீசல், அதாவது டீசல் வண்டிக்கு ஊற்றும் எரிபொருள், மேலே தெளியும், 10 கிலோ கிளிசரின் அடியில் தங்கும். பலமுறை காய்ந்த எண்ணெயில் கொழுப்பமிலம் ஏற்கெனவே பிரிந்து கிடப்பதால், நேரே காரம் போட்டால் மறுபடியும் சவுக்காரம்தான். அதனால் முதலில் அமிலம் விட்டு அதைச் சரிசெய்கிறார்கள்.

டீசலோடு கதை முடிவதில்லை. அடியில் தங்கிய கிளிசரினிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் எடுக்கிறார்கள். எபாக்சிப் பசைக்கு அதுதான் மூலப்பொருள். நாம் அதிகம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயின் சரங்களில், அணுவும் அணுவும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற இரட்டைப் பிணைப்புகள் நிறைய. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அந்த இடங்களில் ஆக்சிஜனைப் புகுத்தினால், பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் பொருள் கிடைக்கும். கறுக்கக் கறுக்கக் காய்ச்சினால் அந்தப் பிணைப்புகள் வீணாகிப்போகும். அதனால்தான் தாய்மார்களிடம் சொல்கிறேன், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைக்காதீர்கள். 2020-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் மெக்டொனால்ட்ஸ் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து முப்பரிமாண அச்சுக்குரிய பிசின் செய்து, அதில் ஒரு வண்ணத்துப்பூச்சியையே அச்சிட்டுக் காட்டினார்கள். அந்தப் பிளாஸ்டிக்கை மண்ணில் புதைத்தபோது இரண்டே வாரத்தில் 20 சதவீத எடை மக்கிப்போனது. 2023 நவம்பர் 28 அன்று லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் பெட்ரோலிய எரிபொருள் கலக்காமல் பறந்தது. அதன் எரிபொருளில் பெரும்பகுதி கழிவுக் கொழுப்பிலிருந்து வந்தது.

நம் நாடு செகுண்டா என்ற ஊரில் நிலக்கரியை எரிவாயுவாக்கி, அதிலிருந்து பெட்ரோலும் ரசாயனமும் எடுக்கிறது. அப்பேர்ப்பட்ட வித்தை தெரிந்த நாடு. நாமோ வடைக் கடாயைச் சாக்கடையில் கவிழ்க்கிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

சட்டம் ஒன்று இருக்கிறது. 1996 முதல், சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. இருந்தும் அழுக்கு எண்ணெயை வெளுக்கவைத்து, புட்டியில் அடைத்து ஏழைகளிடம் விற்கும் பாவிகள் இருக்கிறார்கள். யாரிடம் கொடுக்கிறோம், அது எங்கே போகிறது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி இன்னும் சொல்லலாம். ஆனால் என் நெஞ்சில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தை "சவுக்காரம்" என்று சொன்ன அன்று, பக்கத்தில் நின்ற என் மகள் "அப்பா, வாட் இஸ் தட்?" என்று கேட்டாள். எண்ணெய்க்குக் கசடு, காறல், சிக்கு என்று எத்தனை சொற்களை அத்தை வைத்திருக்கிறார்! அதில் ஒன்றுகூட என் பிள்ளைக்குத் தெரியவில்லை. 1860 நவம்பர் 16 அன்று கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கியவர்கள் மூட்டையில் அரிசி பருப்பு கொண்டுவந்தார்களோ இல்லையோ, இந்தச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். தமிழ் வகுப்புக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர் வரவேண்டும் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறோம். தமிழ் பேசும் பாட்டிமார்கள் இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் வெண்ணெய்!

ஆகவே குழுவினரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். மண்டபப் பின்வாசலில் மூடி போட்ட நீல டிரம் ஒன்று இருக்கிறது. அதில் சேரும் எண்ணெயை விற்று வரும் ஒவ்வொரு ராண்டும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு, பாடநூலுக்கும் பிள்ளைகளை அழைத்துவரும் வண்டிக்கும் போகும். கணக்கு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நகரமன்ற உறுப்பினர் அவர்கள் இன்னொரு டிரம் வாங்கித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு நம் எல்லாருடைய நன்றியும்.

எண்ணெயை நன்றாக ஆறவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேரக்கூடாது. புட்டியில் ஊற்றிப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு, அத்தைதான் நடத்துகிறார். டிரம்மில் ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளை உள்ளே வந்து உட்காரட்டும்.

வணக்கம்.