பியானோவுக்கு ஒரு மடிக்கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதில் என்ன புராசஸர்?" என்பதுதான். கீபோர்டை இணைத்துப் பியானோ வாசிப்பதற்காக வாங்குகிறவர், கடைக்குக் கிளம்பும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது. எந்தப் பியானோ மென்பொருளை வாசிக்கப் போகிறார்? இந்த மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு. இரண்டும் கணினியிடம் கேட்கும் கூலி வேறு வேறு.

முதல் வகை பதிவு செய்த ஒலிகளால் ஆனது. ஸ்டூடியோவில் ஒரு கிராண்ட் பியானோவை வைத்து, 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெல்லத் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பது வரை பல அழுத்தங்களில் பதிவு செய்திருப்பார்கள். மைக்கை இடம் மாற்றி மறுபடியும் பதிவு செய்வதும் உண்டு. யமஹாவின் சிஎஃப்எக்ஸ் பியானோவைப் பதிவு செய்த காரிட்டன் தொகுப்பை முழுமையாக நிறுவினால் 100 ஜி.பி.யைத் தாண்டும். அவ்வளவையும் கணினியின் வேலை நினைவகமான ராம் தாங்காது. அதனால் ஒவ்வொரு ஒலியின் தொடக்கத் துண்டை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, நீங்கள் கட்டையை அழுத்திய பிறகு மீதியை மென்பொருள் டிஸ்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் இதற்கு ஈடுகொடுக்காது. சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி. வேண்டும், 16 ஜி.பி. ராம் வேண்டும்.

இரண்டாவது வகையில் பதிவே கிடையாது. பிரான்சின் துலூஸ் நகரத்து மொடார்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பியானோடெக் அப்படிப்பட்டது. சுத்தியல் எவ்வளவு கெட்டி, கம்பி எப்படி அதிரும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, ஒலியை அந்தக் கணத்திலேயே உருவாக்குகிறது. டிஸ்கில் அது பிடிக்கும் இடம் அற்பம். ராம் 8 ஜி.பி. போதும். பாரம் முழுவதும் புராசஸர் தலையில். கேட்பதற்குப் பதிவு வகை, வாசிப்பதற்குப் பியானோடெக் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி நேரம். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகத் தயாரித்து அனுப்புகிறது. விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் நுண்ணிய அளவீடு, என்ற கணக்கில், 128 சாம்பிள் கொண்ட ஒரு பொட்டலம் ஏறக்குறைய 2.7 மில்லி விநாடிக்கு ஒலிக்கும். அது தீர்வதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், இலை காலியான ஒரு கணத்தில் அவர் அடுக்களையில் இருந்தால் பயனில்லை. பொட்டலம் தவறினால் ஹெட்போனில் 'சட்' என்று ஓர் ஓசை கேட்கும். பொட்டலத்தை 1,024 சாம்பிளாகப் பெரிதாக்கினால் ஓசை அடங்கிவிடும். ஆனால் விரல் விழுந்து 20 மில்லி விநாடிக்கு மேல் கழித்துத்தான் ஒலி வரும். வேகமான பாட்டில் விரல் குழம்பிவிடும். புளூடூத் ஹெட்போன் இதைவிட மோசம், பக்கத்திலேயே வர வேண்டாம்.

இதனால்தான் விலை உயர்ந்த கணினியும் சில நேரம் கரகரக்கிறது. வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளோ மின்சிக்கன ஏற்பாடோ புராசஸரைச் சில மில்லி விநாடி பிடித்து வைத்துக்கொள்ளும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி, தாமதம் எந்த டிரைவரால் வருகிறது என்று காட்டும். ஒலியைத் தாமதம் குறைத்துக் கடத்தும் ஏசியோ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கையாளும் தனிப் பெட்டி) ஒன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக் கணினியில் அதே வேலையைச் செய்யும் கோர் ஆடியோ கூடவே வருவதால் அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.

பெயரை நம்ப வேண்டாம். இன்டெல் புராசஸரில் ஐ7 என்று எழுதியிருந்தாலும் பெயரின் கடைசியில் 'யு' இருந்தால், அது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் ரகம். கூடுதல் மின்சாரம் எடுத்து உழைக்கும் 'ஹெச்' போட்ட ஐ5 நீண்ட வாசிப்பில் அதை முந்தலாம். ஆனால் அதன் விசிறி இரைந்தால் மெல்லிய வாசிப்பு கெட்டுவிடும். 2020இல் வந்த, ஆப்பிளின் எம்1 புராசஸர் உள்ள மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. பியானோடெக்குக்கு அது போதும். பதிவுத் தொகுப்பு வைக்க வேண்டுமானால் வெளியே ஓர் எஸ்.எஸ்.டி. செருக வேண்டியிருக்கும், உள்ளே இருப்பதை மாற்ற முடியாது.

பியானோடெக்கின் சோதனைப் பதிப்பு இலவசம். சில கட்டைகள் ஊமையாக இருக்கும், சோதனைக்கு அது பரவாயில்லை. கடைக்காரர் அனுமதித்தால் கீபோர்டையும் கம்பியுள்ள ஹெட்போனையும் கொண்டுபோய், 128 சாம்பிளில் வைத்து, பெடலை மிதித்தபடியே அடிக்கட்டையிலிருந்து மேல்வரை இரண்டு கையாலும் வாரி வாசியுங்கள். பெடல் மேலே வராதவரை பழைய ஒலிகளும் புதியவற்றோடு சேர்ந்துகொண்டே போகும். புராசஸரின் உண்மையான பலம் அப்போது தெரியும். நன்றாக ஒலிக்கிறதா? இப்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதையே மறுபடி வாசியுங்கள். பல கணினிகள் பேட்டரிக்கு மாறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்வெட்டு நேரத்தில் வாசிக்கலாம் என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது சோதனை முடியாமல் பணத்தை எடுக்க வேண்டாம்.

வணக்கம்.